சவரியின் வலது தோள்

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரம் இடிக்கத் தொடங்கியதும் ஜெசிந்தா கையை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளங்கைக்குள் ரெக்ஸின் கல்யாண மோதிரமும் சங்கிலியும் கைக்கடிகாரமும் இருந்தன. உடம்பில் உலோகம் ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது என்று தாதி சொன்னபோது மோதிரத்தையும் கடிகாரத்தையும் அவனே கழற்றித் தந்தான். சங்கிலிக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் முன்னால் குனிந்தான், வலது கையைப் பிடரிக்குக் கொண்டுபோக முடியாமல். தாதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏதோ எழுதினாளே, என்ன எழுதியிருப்பாள், ஆளை அடையாளம் கண்டிருப்பாளா, இல்லை, கண்டிருந்தால் முகம் வேறுமாதிரி மலர்ந்திருக்கும், கண்டியில் மருந்துக்கடைப் பெண்கள் முதற்கொண்டு எல்லோருடைய முகமும் மலர்வது மாதிரி. அதனால்தானே கண்டியில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்காமல் விடிந்ததும் புறப்பட்டுக் குருநாகலுக்கு வந்தது. தொப்பி போட்டு, நாலு நாள் தாடியோடு, கழுத்துவரை பொத்தான் மாட்டிய சேர்ட்டோடு. அந்தச் சேர்ட்டை மாட்டிவிட்டதும் அவள்தான். நாட்டுக்காக ஏழாம் நம்பர் போட்டு ஒன்பது வருஷமாக றக்பி விளையாடுகிற மனுசனுக்குத் தலைக்கு ஷாம்பூ போட்டுவிடுவதும், சப்பாத்து நாடா கட்டிவிடுவதும், மகள் அனெட் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டும்போது இடையில் புகுந்து அவளைத் தூக்கிக்கொள்வதும் மாசிமாதத்திலிருந்து அவளுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதா? பழகியது பொய் சொல்வதற்குத்தான். டீம் டொக்டர் வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டபோது, "சும்மா சுளுக்கு, டொக்டர், இப்ப நல்லாயிருக்கு" என்று அவள் குரல் எவ்வளவு இலகுவாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிற அதே குரல், சந்தேகமே இல்லாத குரல்.

ஸ்கேன் எடு, இல்லாவிட்டால் நானே போய் எல்லாரிடமும் சொல்லுவேன் என்று நேற்று அவள் சொன்னதும் அவன் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சண்டை பிடித்திருக்கலாம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "சரி ஜெசி" என்றான். அவ்வளவுதான். சரி என்றால் எதற்குச் சரி, இப்போது இந்தச் சுவருக்குப் பின்னால் நீட்டி நிமிர்ந்து அசையாமல் படுத்திருக்கிறானே, அவன் என்ன நினைத்துக்கொண்டிருப்பான். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்று வந்தால் அவனுடைய வாழ்க்கையில் பாதி இன்றோடு போயிற்று. கிழியவில்லை என்று வந்தால் மறுபடியும் இறங்குவான், மறுபடியும் அவள் மைதானத்தில் உட்கார்ந்து அவனைப் பார்க்காமல் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அவள் றக்பி பார்ப்பது. தண்ணீர்ப் போத்தலோடு ஓடுகிற ஆளைப் பார்ப்பாள், கோட்டோரம் கொடி பிடித்து நிற்கிறவரின் காலுறையைப் பார்ப்பாள், கூட்டம் எழும்பினால் எழும்புவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். எந்த முடிவு வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்பது? வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு எதைக் கேட்பதென்று தெரியாமல் வெறும் வார்த்தைகள்தான் உருண்டுகொண்டிருந்தன. முடியட்டும், என்றுதான் கேட்டாள் என்று நினைக்கிறாள். எது முடியட்டும் என்று சொல்லவில்லை.

இயந்திரம் நின்றது. நின்றபோது அது இடித்துக்கொண்டிருந்ததைவிடப் பயமாக இருந்தது. அந்த அமைதிக்குள்தான் பக்கத்து வரிசையிலிருந்து தமிழ் கேட்டது. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிய தடித்த மனுசர் ஒருவர் நாற்காலியில் பாதி சாய்ந்தும் பாதி நின்றும் ஒரு தினுசாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பெரிய கைப்பை. அவர் பேர் பௌசுல் என்பதும், மாவனல்லையில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார் என்பதும், முதுகுக்கு ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறார் என்பதும் அந்த அம்மா, நஸீமா, தாதியோடு சத்தமாகப் பேசியதில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். இப்போது அவர் பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் தட்டினார்.

"நாளைக்கு டீம் அறிவிக்கிறானுகளாம். பாத்துக்கொ, ஏழாம் நம்பருக்கு இந்த முறையும் சவரியத்தான் போடுவானுகள்."

"போடத்தான் வேணும். வேற ஆரப் போடுற?"

"இசுருவ. இருவத்திரண்டு வயசுப் பொடியன், குதிர மாதிரி ஓடுறான். சவரிய இந்த டூருக்குப் போடப்படாது."

சவரி. அந்தப் பேர் காதில் விழுந்த மாத்திரத்தில் ஜெசிந்தாவின் கண் ஸ்கேன் அறைக் கதவுக்குப் போனது, பிறகு வேண்டுமென்றே மின்விசிறிக்குப் போனது. கதவைப் பார்த்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? ரெக்ஸ் சவரிமுத்து என்ற பேரில் சனங்களுக்கு வேண்டியது அந்த நடுத்துண்டுதான். மைதானத்தில் பல்லாயிரம் தொண்டைகள் அதை இழுத்துக் கத்தும்போது அது தன் புருசனைக் குறிக்கிற சொல் என்றே அவளுக்குத் தோன்றுவதில்லை. எழுந்து போய்விடலாமா. போனால் அவன் வெளியே வரும்போது தனியாக வருவான், தொப்பியை இவள் பைக்குள் வைத்திருக்கிறாள், நேராக இவர்களுக்கு முன்னால் வந்து நிற்பான். இருந்தால் கேட்கவேண்டும். போடப்படாது, போடப்படாது. அவள் ஆறு மாதமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல்தான், ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதும் ஏன் இப்படிச் சுள்ளென்று வருகிறது. நீ யார் அதைச் சொல்ல. கண்ணாடிக்கடைக்காரர். முதுகு வளையாத ஆள். உனக்கென்ன தெரியும் அவன் எப்படி எழும்புகிறான் என்று.

"வயசு போனா என்ன? போன சனிக்கிழம அவன் இடிச்சி உழுத்தின அந்தக் கடைசி டெக்கல் இல்லாட்டி மலேசியாக்காரன் கோட்டுக்கு அங்கால பந்த வெச்சி ட்ரை எடுத்துட்டுப் பெய்த்திருப்பான். அத மறந்துட்டீங்களா?" என்றாள் நஸீமா. "மழ வேற. எல்லாரும் களைச்சிப் பெய்த்து நிக்கிற. அந்த நெட்டையன் கோட்டோரமா ஓடி வாரான், பிடிக்க ஒருத்தனும் இல்ல. எங்கேந்து வந்தான் சவரி? நான் கத்தின கத்துல பக்கத்து ஊட்டாள் வந்து பாத்திச்சி."

போன சனிக்கிழமை. அந்த நேரம் ஜெசிந்தா எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? ஒரு நீலக் குடையை. முன்வரிசையில் யாரோ பிடித்திருந்த, ஒரு கம்பி முறிந்த நீலக் குடை, அந்த முறிந்த இடத்திலிருந்து தண்ணீர் ஒழுகி ஒரு ஆளின் தோளில் விழுந்துகொண்டிருந்தது, அவருக்கு அது தெரியவேயில்லை. கூட்டம் முழுக்க எழும்பியபோது குடை மறைந்துவிட்டது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ அவளையும் கட்டிப்பிடித்தார்கள். எழும்பிவிட்டானா என்று மட்டும் பார்த்தாள், எழும்பிவிட்டான், போதும். வீட்டுக்கு வந்து ஐஸ் கட்டிப் பையை அவன் தோளில் வைத்துப் பிடித்திருந்தபோது கண்ணை மூடியபடி, "இண்டைக்கு நல்லா விளையாடினேன், ஜெசி" என்றான். "ம்" என்றாள். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. காயங்களை எல்லாம் அவளுக்குத் தெரியும், எந்த விரல் எப்போது முறிந்தது, புருவத்துக்கு மேலே எத்தனை தையல், எந்த விலா மழை நாளில் வலிக்கும். அந்தக் காயங்கள் எதற்காக வந்தன என்று இந்த நஸீமாவுக்குத் தெரிந்த அளவில் பாதிகூட அவளுக்குத் தெரியாது. இந்த எண்ணம் ஒரு முள் மாதிரி மாட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப அந்த முறிந்த குடைக்கம்பிக்கே போனாள். அதற்குப் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பார்க்கும் அளவுக்கு ஒன்று.

இயந்திரம் மறுபடி இடித்தது. இந்த முறை வேகமாக, யாரோ தகரக் கதவைத் தட்டுவதுபோல. பௌசுல் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினார்.

"அந்த டெக்கலப் பத்தித்தான் நானும் செல்றன், நஸீமா. அத நீ பாத்தது ஒரு மாதிரி, நான் பாத்தது ஒரு மாதிரி. அந்த நெட்டையன் வந்தது சவரிட வலப்பக்கத்தால. எந்த ஏழாம் நம்பரும் என்ன செய்வான்? வலது தோளால இடிப்பான். இவன் இடிக்கல்ல. மூணு மெச்சா பாக்கிறன், வலப்பக்கம் அவன் இடிக்கிறதே இல்ல. உழுந்தா இடது கைய ஊண்டித்தான் எழும்புறான். ட்ரை வெச்ச பொடியன்ட தலையத் தட்டினதும் இடது கையால. நான் ஒண்டு செல்லவா?" அவர் குனியப் பார்த்து, முதுகு இடம் கொடுக்காமல், குனியாமலே குரலைத் தாழ்த்தினார். "அவன்ட வலது தோள் பெய்த்திட்டு."

ஜெசிந்தாவின் கைக்குள் இருந்த மோதிரம் விரலெலும்பில் அழுந்தியது. தெரிந்துவிட்டது. தோள் போய்விட்டது. டீம் டொக்டருக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது, அவனுடைய அம்மாவுக்குத் தெரியாது; மாவனல்லையில் டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுசருக்குத் தெரிந்திருக்கிறது. இவருக்குத் தெரிந்தால் இன்னும் எத்தனை பேருக்கு. இல்லை, இவர் ஊகிக்கிறார், ஊகம்தான். இப்போது அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அது ஊகமில்லாமல் போய்விடும். ஆமாம் என்று ஒரு சொல். பத்து நிமிஷத்தில் மாவனல்லைக்குப் போகும், பின்னேரத்துக்குள் கொழும்புக்குப் போகும், நாளைக்கு டீமில் அவன் பேர் இருக்காது, வழியெல்லாம் அவள் கேட்டதுபோல எல்லாம் முடிந்துவிடும். தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்து நின்றது, அவளே ஆச்சரியப்பட்டாள், இவ்வளவு கிட்டவா இருந்தது இது, இவ்வளவு நாளும் இங்கேயா உட்கார்ந்திருந்தது. பிறகு அது இறங்கிவிட்டது. அவள் இறக்கினாளா, தானாக இறங்கியதா, தெரியாது. அவன் உள்ளே அசையாமல் படுத்திருக்கிறான். கண்ணைக் கட்டிய மாதிரி அவளை நம்பிப் படுத்திருக்கிறான்.

"ஒங்களுக்கு அவன்ல என்னமோ கோவம்," என்றாள் நஸீமா.

"கோவமா? எனக்கா?" பௌசுல் பேப்பரை மடித்தார். "ஸ்கூல் டீம்ல வெளயாடக்குள்ளேந்து அவனப் பாக்கிறன். மகள்ட கலியாணத்தண்டு மண்டபத்துக்குப் பின்னால நிண்டு அவன்ட மெச்சு கேட்டவன் நான், நீயே ஏசினாய். நல்லா வெளங்கிக்கொ. வலது தோள் இல்லாம ஒருத்தன் அந்த டெக்கல எப்பிடிப் போடுவான்? நெட்டையன்ட இடப்பக்கத்துக்குப் போகோணும். அவனுக்கு முன்னால குறுக்கறுத்து, அந்தப் பக்கம் பெய்த்துத் திரும்பி, இடது தோளால இடிக்கோணும். அதுக்கு நேரம் எங்க? பந்து கைக்கு வார முந்தி ஓடத் தொடங்கினாத்தான் ஏலும். பந்து அங்க வரும் எண்டு அவனுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. மத்த இருவத்தொம்பது பேருக்கும் தெரியா, பந்து எறிஞ்சவனுக்கே தெரியா. தோள் நல்லா இரிந்த காலத்துல அவன் ஒடம்பால வெளயாடினான். இப்ப புத்தியால வெளயாடுறான். இது மாதிரி ஒருத்தன இந்த நாடு காணல்ல. அதாலதான் போடவேணாங்கிறன். மத்தவனுகள் அவன ஒடச்சிப் போட்டு ஸ்ட்ரெச்சர்ல கொண்டுபோறத எனக்குப் பாக்க ஏலா."

ஜெசிந்தா கடிகாரத்தின் பட்டியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவிழ்த்தாள். சுற்றினாள். முந்தியே தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்த மாதங்களெல்லாம், இவள் குசினியில் நின்று ஐஸ் உடைத்துக்கொண்டு, பிடிவாதக்காரன், சுயநலக்காரன், பிள்ளையைத் தூக்க முடியாதவனுக்கு என்ன றக்பி என்று தனக்குள் பொருமிக்கொண்டிருந்த மாதங்களெல்லாம், அவன் வரவேற்பறையில் விளக்கில்லாமல் பழைய மெச்சுகளைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்குத்தானா. பைத்தியம் மாதிரி ஒரே இடத்தை நிறுத்தி, பின்னுக்குப் போட்டு, நிறுத்தி. வலிக்கு ஒரு வழி தேடியிருக்கிறான். ஒரு தோளைக் கழித்துவிட்டுத் தன்னை முதலிலிருந்து படித்திருக்கிறான், முப்பத்துமூன்று வயதில், ஒருவருக்கும் சொல்லாமல். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி ஒரு கணக்கைத் தன்பாட்டில் கண்டுபிடித்திருந்தால் அவள் கரும்பலகைக்குக் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டியிருப்பாள். அவனுக்கு "ம்" என்றாள். அவளுக்கு மூக்கு எரிந்தது. இங்கே அழக்கூடாது, அழுதால் கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது.

கேட்டேவிட்டாள் நஸீமா. "தங்கச்சி, நீங்க றகர் மெச்சு பாக்கிறயா? இவர் செல்றது சரியா?"

"கொஞ்சம் பாப்பேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கடைசி டெக்கல மட்டும் நான் சரியாப் பாக்கல்ல. முன்னால ஒரு குடை மறச்சிருச்சு. அது எப்படின்னு..."

பௌசுலுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்தி எழும்பினார். "நஸீமா, நீ எழும்பு. நீதான் நெட்டையன்." "முதுகு, முதுகு!" என்றாள் நஸீமா, ஆனால் எழும்பிவிட்டாள், கைப்பையைப் பந்து மாதிரி விலாவோடு இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். ஆஸ்பத்திரி நடையில் மல்லுக்கட்டப்போகிறார்கள் என்று அந்தக் கடைசியில் இருந்த ஒரு கிழவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இயந்திரம் எப்போதோ நின்றுபோயிருந்தது, ஜெசிந்தா கவனிக்கவில்லை. நஸீமா மெதுவாக ஓடி, உண்மையில் நடந்து, வந்தாள். பௌசுல் அவளுடைய வலப்பக்கத்தை விட்டு அவளுக்கு முன்னால் குறுக்காக நகர்ந்தார், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, முகம் வலியில் சுருங்க, ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டு: "இஞ்ச வாரான், இப்ப முந்துறான், இப்ப திரும்புறான், பாத்தீங்களா தங்கச்சி, பாருங்கொ." அவள் பார்த்தாள். வளையாத அந்தத் தடித்த உடம்புக்குள் ரெக்ஸ் ஓடினான். மழை பெய்தது. நீலக் குடை விலகிப்போயிற்று. எல்லாரும் ஓய்ந்து நிற்கிற மைதானத்தில் ஒருவன் மட்டும் யாருக்கும் இன்னும் தெரியாத ஒன்றை நோக்கி முதலடி வைத்தான், எவ்வளவு தனியாக, எவ்வளவு நிச்சயமாக. இதைத்தானா. ஒன்பது வருஷமாக இதைப் பார்க்காமலா குடையையும் காலுறையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா, இடது கால் முன்னுக்கு வரணும்."

பௌசுலை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டபடி கதவில் ரெக்ஸ் நின்றான். சேர்ட்டின் இடது கை மட்டும் மாட்டியிருந்தது. வலது கை வெறுமனே தொங்கியது. "வலது காலை வச்சீங்கன்னா அவன் உங்களத் தாண்டிப் போயிருவான்" என்றான்.

பௌசுலின் கை நஸீமாவின் இடுப்பருகே அப்படியே நின்றது. நஸீமா கைப்பையைக் கீழே போட்டுவிட்டாள். அவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள், தாடியைப் பார்த்தார்கள், பிறகு அந்தத் தொங்குகிற சேர்ட்டுக் கையைப் பார்த்தார்கள், பிறகு ஜெசிந்தாவை. அவள் எழும்பிப் போய், வீட்டில் செய்வதைப் போலவே, அவன் வலது கையைப் பிடித்துச் சேர்ட்டுக்குள் மெல்ல நுழைத்துப் பொத்தான் போட்டாள். பௌசுல் மறுபக்கம் திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த நீரிழிவு விளம்பரத்தை வாசிக்கிறவர்போல நின்றார், அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை.

"ரிப்போர்ட்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நாளைக்குப் பின்னேரமாம். எனக்கு அது தேவையில்ல." அவன் பௌசுலைப் பார்த்தான். "உடுப்பு மாத்துற ரூம்ல எல்லாம் கேட்டுச்சு நானா. என்கிட்டயே சொல்லுங்க. நாளைக்கு ஏழாம் நம்பருக்கு யாரைப் போடுவீங்க?"

ஜெசிந்தா அந்த மனுசரின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லப்போகிறார். யாராயிருந்தாலும் சொல்லத்தான் செய்வார்கள், முகத்துக்கு நேரே வேறென்ன சொல்ல முடியும், சவரியைத்தான் என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேட்பார், அவன் சிரிப்பான், அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு டூருக்குப் போவான். பௌசுலின் கண்கள் நனைந்திருந்தன.

"இசுருவ," என்றார்.

ரெக்ஸ் தலையாட்டினான். "நானும் அவனைத்தான் போடுவேன்."

"ஒங்க ரெண்டு பேருக்கும் றகர் தெரியா!" நஸீமா கத்தியே விட்டாள். தாதி எட்டிப் பார்த்தாள். "என்ன கத இது? இந்த ஒடஞ்ச தோளோட அந்த டெக்கலப் போட்டவன வெச்சிக்கிட்டு நேத்து வந்த பொடியனப் போடுறயா? தங்கச்சி, நீங்க செல்லுங்கொ. நீங்க ஆரப் போடுவீங்க?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். முடியட்டும் என்று கேட்டு வந்தவள். அது இதோ முடிந்துகொண்டிருக்கிறது, சண்டையில்லாமல், யாரும் காட்டிக்கொடுக்காமல், அவனே முடிக்கிறான். அவள் சந்தோசப்படத்தான் வேண்டும், ஒருவேளை நாளைக்குப் படுவாள், அனெட்டை அவன் இரண்டு கையாலும் தூக்குகிற நாளில் படுவாள். ஆனால் இப்போது அவளுக்கு அந்த மைதானம் இன்னொரு தடவை வேண்டியிருந்தது. முதலடியிலிருந்து. கண்ணுக்கு முன்னால் எதுவும் மறைக்காமல்.

"சவரி," என்றாள். வீட்டில் ஒருநாளும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏழாம் நம்பருக்குச் சவரிதான்."

ரெக்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் ஒன்றும் புரியாத ஒரு திகைப்பு இருந்தது. பிறகு அவன் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது, முதன்முதலாகப் பத்திரிகையில் தன் படத்தைப் பார்க்கிற பையனைப்போல. "ரெண்டுக்கு ரெண்டு" என்றார் பௌசுல். யாரும் சிரிக்கவில்லை. ரெக்ஸ் கால்சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"மெனேஜருக்கு எடுத்துத் தா, ஜெசி. டீமை அறிவிக்க முந்திச் சொல்லணும், இசுருவைப் போடட்டும்."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.